ஓர் இலக்கத்துக்கு ஓர் ஆள்

எங்கள் வீட்டில் கத்தரிக்கோல் ஒன்றுதான் இருக்கிறது. சமையலறைக்கு இன்னொன்று வேண்டும் என்று என் மனைவி கனகேஸ்வரி கலியாணம் முடித்த நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறாள். நான் வாங்கிக் கொடுக்கவில்லை. இரண்டு இருந்தால் எது எங்கே கிடக்கிறது என்று ஒருவருக்கும் தெரியாது. ஒன்றே ஒன்று என்றால் அது இருக்கிற இடம் எல்லோருக்கும் தெரியும். ஒரே சாமான் வீட்டுக்குள் இரண்டாகக் கிடந்தால், சோற்றுக்குள் தலைமயிரைக் கண்டது மாதிரி எனக்கு அருவருக்கும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

ஸமீமா, நீங்கள் திரு. புவாத்தின் அலுவலகத்திலிருந்து வந்து ஒலிப்பதிவுக் கருவியை மேசையில் வைத்தபோது, எழுதியே தருகிறேன் என்று நான் சொன்னதற்கும் காரணம் இதுதான். வாயால் கதைத்தால் நீங்கள் கேட்டதையே திரும்பக் கேட்பீர்கள், நானும் சொன்னதையே திரும்பச் சொல்வேன். எழுத்தில் ஒரு தரம் சொன்னால் போதும். நீங்கள் சட்டம் படித்த பிள்ளை, கணினி உங்கள் துறை இல்லை. ஆகவே அந்தப் பகுதியை மட்டும் கொஞ்சம் விளக்கமாக எழுதுகிறேன்.

என் பெயர் சிவபாதசுந்தரம். வயது ஐம்பத்திரண்டு. இருப்பது வெள்ளவத்தையில். ஒரு காப்புறுதிக் கம்பனியின் கணினிப் பிரிவில் பதினாறு வருடம் வேலை செய்துவிட்டு, 2006இல் கொட்டாஞ்சேனையிலுள்ள ‘துணை’ என்ற உதவி நிலையத்துக்கு வந்து சேர்ந்தேன். நிலையம் செய்த வேலை உங்களுக்குத் தெரியும். ஆனாலும் இந்த வாக்குமூலத்தைப் பிறகு வாசிக்கிறவர்களுக்காக எழுதுகிறேன். கொழும்பில் தமிழர் யாராவது பிடிபட்டால் வீட்டார் எங்களிடம் வந்து ஒரு படிவம் நிரப்பித் தருவார்கள். அது கணினிக்குள் போகும். வெள்ளிக்கிழமை தோறும் பட்டியல் அச்சாகும். ஒரு பிரதி புதுக்கடையில் சட்டத்தரணி புவாத்துக்கு. இன்னொன்று, தடுப்பு இடங்களுக்குள் போக அனுமதி வைத்திருந்த வெளிநாட்டுக் குழுவுக்கு. அவர்கள் அங்கே முற்றத்தில் நின்று எங்கள் பட்டியலை வாசிப்பார்கள். இலக்கமும் பெயரும் வாசித்து ஒருவன் கையைத் தூக்கினால் அவனைத் தங்கள் புத்தகத்தில் பதிவார்கள். அப்படிப் பதியப்பட்டவனை இல்லாமல் பண்ணுவது கஷ்டம். பட்டியலில் இல்லாதவனைப் பற்றிக் கேட்பதற்கு ஆளே இல்லை.

நல்ல வேலைதான். ஆட்களைத்தான் என்னால் சகிக்க முடியவில்லை. இதை மறைத்து ஒன்றும் ஆகப்போவதில்லை. காலை எட்டு மணிக்கே படிக்கட்டு முழுக்க ஆட்கள். தேங்காயெண்ணெய், வியர்வை, வெற்றிலை, பிள்ளைகளின் மூத்திரம் எல்லாம் சேர்ந்த ஒரு வாடை அந்த மண்டபத்தில் சாயந்தரம் வரை நிற்கும். படிவத்தைச் சட்டைக்குள் செருகி வைத்திருந்து, ஈரமாக எடுத்து நீட்டுவார்கள். மூக்கைச் சிந்திய கையாலேயே பேனையை வாங்குவார்கள். மரியகொறற்றி அவற்றையெல்லாம் வெறுங்கையால் வாங்குவாள். அவள் கொட்டாஞ்சேனையிலேயே பிறந்து வளர்ந்தவள், கவுண்டரில் இருந்து படிவங்களைக் கணினியில் பதிகிறவள். அவள் வாங்கித் தந்த படிவத்தை நான் ஓரத்தில் இரண்டு விரலால் பிடிப்பேன். எங்கள் யாழ்ப்பாணத்து ஆட்களும் பிடிபட்டார்கள்தான். ஆனால் அவர்கள் படிவத்தைப் பிளாஸ்ரிக் உறைக்குள் போட்டுக்கொண்டு வந்தார்கள்.

வாடையை விட மோசமானது அவர்களுடைய பழக்கம். ஒரே ஆளுக்குத் தாய் ஒரு படிவம் தருவாள். அடுத்த நாள் பெண்சாதி வந்து இன்னொன்று. அதற்கடுத்த நாள் மச்சான்காரன். அதிகம் எழுதிக் கொடுத்தால் அதிகம் தேடுவார்கள் என்ற நினைப்பு. என்னுடைய பட்டியலில் ஒருவன் மூன்று ஆளாக நிற்பான். 2007 ஜனவரியில் ஒரு நாள் புவாத் படியேறி வந்து பட்டியலை என் மேசையில் போட்டார்.

“மிஸ்டர் சிவபாதசுந்தரம், இதென்ன லிஸ்ட்? ஒரே ஆள மூணு தரம் கேட்டுட்டு மூணு தரமும் வெக்கப்பட்டுத் திரும்பி வாறன். ‘லோயர் மாத்தயா, இவருக்கு எத்தன உசிரு?’ண்டு பொலிஸ்காரனுகள் கேட்டுச் சிரிக்கிறானுகள். நாளைக்கு இந்த லிஸ்டே பொய்ண்டு சொல்லிடுவானுகள்.”

“ஒரு கிழமை தாங்கோ,” என்றேன்.

அவர் சொன்னது முழுக்கச் சரி. மூன்று நாளில் செய்து முடித்தேன்.

இனிக் கணினி விஷயம். தரவுத்தளத்துக்குள் ஓர் அட்டவணை இருக்கிறது. ஓர் ஆளுக்கு ஒரு நிரை, அதாவது குறுக்காக ஒரு வரி. எந்த நிரை யாருடையது என்று அறிய ஒன்றைச் சாவியாக வைக்க வேண்டும். ஒரே சாவி இரண்டு நிரைக்கு இருக்க முடியாது, கணினி விடாது. நான் தேசிய அடையாள அட்டை இலக்கத்தைச் சாவியாக வைத்தேன். இந்தத் தொழிலில் இருக்கிற எவரைக் கேட்டாலும் அதைத்தான் வைத்திருப்பார்கள்.

ஏற்கெனவே உள்ளே இருக்கிற சாவியோடு இன்னொருவர் வந்தால் என்ன செய்வது? அதைக் கணினிக்கு முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். நீ சும்மா இரு என்று விட்டால் அது பிழை என்று சொல்லி வேலையை நிறுத்திவிடும். ஒரு மனிதன் வந்து பார்த்து முடிவெடுக்கும் வரை அசையாது. அல்லது, புதிதாக வந்ததைச் சத்தமில்லாமல் வெளியே தள்ளிவிடு என்று சொல்லலாம். பழைய நிரையை அடியோடு நீக்கிவிட்டுப் புதியதை வை என்றும் சொல்லலாம். இன்னொரு வழியும் உண்டு. பழைய நிரை இருந்த இடத்திலேயே இருக்கும், அதற்குள் இருக்கிற விவரங்கள் மட்டும் புதியவையாக மாறும். பெயர், வயது, பிடிபட்ட திகதி, கடைசியாகக் கண்ட இடம் எல்லாமே மாறிவிடும். சாவி மட்டும் மாறாது. முன்பு அங்கே என்ன எழுதியிருந்தது என்பதற்கு அட்டவணைக்குள் ஒரு தடயமும் மிஞ்சாது.

நான் அந்தக் கடைசி வழியைத் தேர்ந்தேன். அதற்கு நியாயம் இருந்தது. தாய் வந்து மகனைப் பிடித்துவிட்டார்கள் என்று மட்டும் சொல்வாள். மூன்று நாள் கழித்துப் பெண்சாதி வந்து இன்ன பொலிஸ் நிலையத்தில் கண்டேன் என்பாள். பிந்தி வந்த செய்திதான் பெறுமதியான செய்தி, அதுதான் பட்டியலில் நிற்க வேண்டும். முதல் வழியைத் தேர்ந்திருந்தால் கணினி அடிக்கடி நின்றிருக்கும். ஒவ்வொரு தரமும் நான் எழும்பிக் கவுண்டருக்குப் போய் அந்த முகங்களோடு கதைத்திருக்க வேண்டும். எனக்கு அது ஏலாது.

இதில் இன்னொரு சின்ன விஷயம் இருக்கிறது. நீங்கள் கேட்கவில்லை, நானாகவே சொல்கிறேன். கட்டளை நிறைவேறியதும் கணினி ஓர் எண்ணைச் சொல்லும். புதிதாக ஒரு நிரை சேர்ந்தால் ஒன்று என்று சொல்லும். பழைய நிரை மாற்றப்பட்டால் இரண்டு என்று சொல்லும். அது அதனுடைய வழக்கம். முதலில் அந்த எண் மரியகொறற்றியின் திரையில் கீழே தெரிந்தது. இரண்டாம் நாளே அவள் எழும்பி வந்தாள்.

“சேர், சிலதுக்கு ஒண்டு எண்டு வருது, சிலதுக்கு ரெண்டு எண்டு வருது. ரெண்டு வந்தா நான் என்ன செய்ய?”

“ஒண்டும் செய்யத் தேவையில்லை பிள்ளை. அந்த ஆள் ஏற்கெனவே இருக்கிறார் எண்டு அர்த்தம்.”

“அதே ஆள்தானா எண்டு பாக்கத் தேவையில்லையா சேர்?”

“அதே இலக்கம் எண்டால் அதே ஆள்தான்,” என்றேன்.

அவள் தலையாட்டினாள். ஆனால் அன்றைக்கே இன்னும் நாலு தரம் வந்தாள். அடுத்த நாள் காலையில் அந்த எண்ணைத் திரையிலிருந்து எடுத்துவிட்டேன். அதற்குப் பிறகு எல்லாவற்றுக்கும் ‘பதியப்பட்டது’ என்ற ஒரு சொல் மட்டும்தான் வந்தது. இலக்கம் கேட்கும் கட்டத்தை வெறுமையாக விட முடியாதபடியும் செய்தேன். வெறுமையான கட்டங்களைக் கண்டாலே எனக்குப் பத்திக்கொண்டு வரும்.

பட்டியல் சுத்தமானது. ஒரே பெயர் இரண்டு தரம் வரவில்லை. புவாத் தொலைபேசியில் கூப்பிட்டு நன்றி சொன்னார். நிலையத்துக்குப் பணம் தரும் வெளிநாட்டு நிறுவனத்தார் வந்து பார்த்துவிட்டு, இதை மற்ற மாவட்டங்களுக்கும் மாதிரியாகக் காட்டலாம் என்றார்கள். அவர்கள் என் கையைப் பிடித்துக் குலுக்கியபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அவர்களுடைய கைகள் உலர்ந்திருந்தன.

இப்போது பேச்சியம்மாவைப் பற்றி எழுத வேண்டும். தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து இரண்டு மகன்மாரோடு கொட்டாஞ்சேனைக்கு வந்து, ஒரு சந்துக்குள் ஒற்றை அறையில் இருந்தவள். மூத்தவன் செல்லையாவுக்கு இருபத்துநாலு வயது, சாப்பாட்டுக் கடையொன்றில் கொத்து ரொட்டி போடுகிறவன். இளையவன் இராமருக்கு இருபத்தொன்று, அதே கடையில் கோப்பை கழுவினான். இருவருக்கும் அடையாள அட்டை இல்லை. தோட்டத்தில் பிறந்தபோது யாரும் பதியவில்லை, பிறப்புப் பத்திரம் இல்லை, அது இல்லாமல் அட்டை கிடைக்காது. அட்டை இல்லாத தமிழன் அந்த நாட்களில் கொழும்பில் ஒரு சந்தி தாண்டுவதே அதிசயம்.

அந்த வீட்டில் இருந்தது ஓர் அட்டைதான். பேச்சியம்மாவின் கணவன் ராமையாவினுடையது. அவன் செத்து நாலு வருடம். தோட்டத்தில் ஒரு குடும்பத்துக்குத் தகப்பனின் பதிவு இலக்கம்தான் எல்லாவற்றுக்கும். அரிசிக்கும் அதே இலக்கம், மருந்துக்கும் அதே இலக்கம், கூரைத் தகரம் மாற்றுவதற்கும் அதே இலக்கம். கொழும்புக்கு வந்த பிறகும் பொலிஸில் வீட்டுப் பதிவு செய்தபோது முதலில் கேட்டது வீட்டுத் தலைவனின் இலக்கத்தைத்தான். ஆகவே இலக்கம் என்பது குடும்பத்துக்குரிய ஒன்று என்று அந்தச் சனம் நம்பியது. யார் இலக்கம் கேட்டாலும் செத்தவனின் அட்டையைப் பொலித்தீன் பையிலிருந்து எடுத்து நீட்டினார்கள். இதை நினைத்தால் இப்போதும் எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றும்.

2007 டிசம்பர் முதல் கிழமையில் கொழும்பு முழுக்கச் சுற்றிவளைத்தார்கள். எங்கள் வாசல் வரிசை தெருவுக்குப் போனது. செல்லையாவை அப்போதுதான் பிடித்தார்கள். பேச்சியம்மா வந்து தகப்பனின் அட்டையை நீட்டினாள், மரியகொறற்றி பதிந்தாள். செல்லையா ஒரு நிரையாகப் பட்டியலில் சேர்ந்தான். ஜனவரி நடுவில் இராமரைச் சோதனைச் சாவடியில் வைத்துப் பிடித்தார்கள். பேச்சியம்மா மறுபடி வந்தாள். மறுபடி அதே அட்டை. மரியகொறற்றி பதிந்தாள். கணினி இரண்டு என்று சொல்லியிருக்கும், அதைக் காட்ட அவள் திரையில் இடம் இல்லை. அந்த விநாடியில் செல்லையா பட்டியலை விட்டுப் போனான். அவன் இருந்த இடத்தில் இராமர் இருந்தான்.

புவாத் இராமரைக் கேட்டார். நாலு கிழமையில் விட்டுவிட்டார்கள். பெப்ரவரி பதினைந்தாம் திகதி வெள்ளிக்கிழமை காலையில் பேச்சியம்மா அவனையும் கூட்டிக்கொண்டு, ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்தாள். கவுண்டரில் நிற்காமல் நேரே என் மேசைக்கு வந்துவிட்டாள்.

“ஐயா, சின்னவன விட்டுட்டாங்க. நீங்க நல்லா இருக்கணும். மூத்தவன் எப்பங்க வருவான்?”

நான் இலக்கத்தை அடித்துப் பார்த்தேன். ஒரு நிரை. இராமர், வயது 21, விடுதலை.

“உங்கட இலக்கத்தில ஒரு ஆள்தான் அம்மா இருக்கிறார். அவர் வந்திட்டார்.”

“இல்லீங்க ஐயா. ரெண்டு பேருங்க. பெரியவன் செல்லையாவ கார்த்திகையில புடிச்சாங்க. இந்தப் புள்ளகிட்டதான் எழுதிக் குடுத்தேன்.”

மரியகொறற்றி கவுண்டரிலிருந்து திரும்பினாள். “ஓம் சேர். போம் நிரப்பினது நான்தான். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு.”

இராமரின் காதுக்குப் பின்னால் ஒரு புண் சீழ் வைத்திருந்தது. அதில் ஓர் ஈ வந்து வந்து உட்கார்ந்தது, அவன் அதைக் கலைக்கக்கூட இல்லை. நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“ஒவ்வொரு வாட்டியும் அந்த வெளிநாட்டுக்காரங்க உள்ள போறப்போ எம்மவன் பேரக் கூப்புடுவாங்கன்னு நெனச்சிக்கிட்டுத்தாங்க இருந்தேன்,” என்றாள் பேச்சியம்மா. “கூப்புட்டாங்களா ஐயா?”

“பார்த்துச் சொல்லுறன். இப்ப போங்கோ,” என்றேன்.

அவள் கும்பிட்டுவிட்டுப் போனாள். வாழைப்பழத்தைக் காவலாளியிடம் கொடுக்கச் சொன்னேன்.

நம்முடைய அட்டை இலக்கத்தின் முதல் இரண்டு எண்கள் பிறந்த ஆண்டு. இது இந்த நாட்டில் எல்லோருக்கும் தெரியும். திரையில் இருந்த இலக்கம் 48 என்று தொடங்கியது. பக்கத்திலேயே வயது 21 என்று இருந்தது. அந்த நிரையைப் பார்த்த ஒரு நிமிடத்துக்குள் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பெப்ரவரியில்தான் எனக்கு விஷயம் தெரியவந்தது.

அடுத்த நாள் சனிக்கிழமை. மரியகொறற்றியை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் தனியே போனேன். அலுமாரியிலிருந்த படிவங்கள் எல்லாவற்றையும் மேசையில் அடுக்கி, கையுறை போட்டுக்கொண்டு, ஒவ்வொன்றாக அட்டவணையோடு ஒப்பிட்டேன். படிவங்கள் 1,214. நிரைகள் 1,009. வித்தியாசம் 205. அதில் 142, உண்மையாகவே ஒரே ஆளுக்கு இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ வந்தவை. மிச்சம் அறுபத்துமூன்றும் தனித்தனி ஆட்கள். அண்ணன் மேல் தம்பி, தம்பி மேல் மச்சான், ஓரிடத்தில் தகப்பன் மேல் மகன். அநேகமாக எல்லோரும் தோட்டத்து ஆட்கள். ஒரு பகல் வேலை, மூன்று மணிக்கு முடிந்தது.

அந்த மூன்று மணிக்கு நான் என்ன செய்திருக்கலாம் என்று நீங்கள் கேட்பீர்கள். அறுபத்துமூன்று பெயரையும் ஒரு தாளில் எழுதிப் புவாத்திடம் கொடுத்திருக்கலாம். ஒரு மணித்தியால வேலை. அடுத்த வெள்ளிக்கிழமை குழு உள்ளே போவதற்கு முன் அந்தப் பெயர்கள் அவர்கள் கையில் இருந்திருக்கும். அது எனக்குத் தெரியாமல் இல்லை.

ஆனால் திங்கட்கிழமை பணம் தரும் வெளிநாட்டு நிறுவனத்தார் பட்டியலைப் பார்க்க மறுபடி வர இருந்தார்கள். நாங்கள் அறுபத்துமூன்று பேரைத் தவறவிட்டோம் என்று எப்படிச் சொல்வது? சொன்னால் மிச்சம் இருக்கிற ஆயிரத்தொன்பது பேரையும் யார் நம்புவார்கள்? புவாத்தைப் பார்த்துச் சிரித்த பொலிஸ்காரர்களுக்கு அது போதும். ஒரு சிலருக்காக ஆயிரம் பேருடைய பட்டியலைச் சந்தேகத்துக்கு ஆளாக்குவது பொறுப்பான மனிதன் செய்கிற வேலை இல்லை. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்தப் படிவங்கள் அவ்வளவு ஊத்தையாக இருந்தன. வெற்றிலைக் கறை, எண்ணெய்க் கறை, ஒன்றில் இரத்தம் மாதிரி ஏதோ. பேனையால் ஒரு பெயரைக்கூட அவற்றிலிருந்து பார்த்து எழுத எனக்கு மனம் வரவில்லை.

அட்டவணையும் படிவங்களும் ஒத்துவர வேண்டும். அட்டவணை சரியாகவே இருந்தது. ஆகவே படிவங்களைச் சரிப்படுத்தினேன். அறுபத்துமூன்றையும் எடுத்து, ஒவ்வொன்றிலும் ‘இரட்டைப் பதிவு’ என்ற முத்திரையைக் குத்திக் கையொப்பம் வைத்து, உண்மையான இரட்டைகளோடு சேர்த்து ஒரே கட்டாகக் கட்டினேன். திங்கள் காலையில் தெருவால் போன, பழைய போத்தலும் தாளும் வாங்குகிற போத்தல் பத்தரக்காரனைக் கூப்பிட்டுப் பழைய பத்திரிகைகளோடு கொடுத்துவிட்டேன். பிறகு சவர்க்காரம் போட்டு முழங்கை வரை கழுவினேன்.

மரியகொறற்றி அன்று மத்தியானமே அலுமாரியைத் திறந்து தேடினாள்.

“சேர், செல்லையாண்ட போமைக் காணேல்லை.”

“அது இரட்டைப் பதிவு. அகற்றியாச்சு.”

“ரெண்டு ஆள் சேர் அது. நான் அந்த அம்மாவோட கதைச்சு நிரப்பினது.”

“ஒரு இலக்கத்துக்கு ஒரு ஆள் பிள்ளை. உனக்கு எத்தினை தரம் சொல்லுறது?”

அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். என் மேசையில் ஏதோ நாறிக் கிடப்பதைப் பார்க்கிற பார்வை அது. மாத முடிவில் வேலையை விட்டுவிட்டாள். பேச்சியம்மா அதற்குப் பிறகு பதினொரு தரம் வந்தாள். ஒவ்வொரு தரமும், விசாரித்துக்கொண்டிருக்கிறோம் என்று சொல்லி அனுப்பினேன். புதிதாக ஒரு படிவம் தருகிறேன் என்று ஒருநாள் கெஞ்சினாள். அதே இலக்கத்தோடு தந்தால் சின்னவனுடைய விடுதலைப் பதிவு குழம்பிவிடும், பிறகு அவனை மறுபடி பிடித்தால் நான் பொறுப்பில்லை என்றேன். பயந்துபோய் எழும்பிவிட்டாள்.

செல்லையாவோடு தடுப்பில் இருந்து வெளியே வந்த கொம்பனித்தெரு மனிதர் ஒருவர் சொன்னதை நீங்கள் எனக்கு வாசித்துக் காட்டினீர்கள். பெப்ரவரி முதலாம் திகதி குழு அங்கே போயிருக்கிறது. பட்டியலில் அப்போது அந்த இலக்கம் இருந்தது. அதை வாசித்ததும், செல்லையா தகப்பனின் இலக்கத்தை அடையாளம் கண்டு கையைத் தூக்கினானாம். பெயர் இராமர் என்று வாசித்தார்கள். அது தம்பி, நான் அண்ணன், இலக்கம் எங்கள் அப்பாவுடையது என்று அவன் சொன்னானாம். மொழிபெயர்த்தவர் அதைக் கேட்டு முடிப்பதற்குள் அங்கே நின்ற அதிகாரி கையை இறக்கச் சொல்லிவிட்டார். இருபத்திரண்டாம் திகதி குழு மறுபடி வந்தது. இந்தத் தரம் செல்லையா முன்வரிசையில் போய் நின்றானாம். இராமர் விடுதலையானதால் அந்த இலக்கமே பட்டியலில் இல்லை. கடைசிப் பெயர் வாசித்து முடியும் வரை அவன் நின்றுகொண்டிருந்தானாம். மார்ச்சில், பதியப்படாதவர்களை வேறோர் இடத்துக்கு ஏற்றினார்கள். அதற்குப் பிறகு அவனைக் கண்டவர் இல்லை. அறுபத்துமூன்று பேரில் பத்தொன்பது பேர் அப்படி என்று நீங்கள் சொல்கிறீர்கள். உங்கள் கணக்கு சரியாகத்தான் இருக்கும்.

ஆகஸ்டில் புதுக்கடை நீதிமன்ற வாசலில் நீங்கள் கச்சான் கடலை வாங்கியதும், அதைச் சுற்றித் தந்த தாள் சரை எங்கள் நிலையத்துப் படிவமாக இருந்ததும், அதில் என் முத்திரையும் கையொப்பமும் இருந்ததும் என் துரதிர்ஷ்டம். நான் அதை மறுக்கவில்லை. உப்பும் எண்ணெயும் ஊறிய அந்தத் தாளை நீங்கள் என் மேசையில் விரித்தபோது எனக்கு ஓங்காளித்தது. நீங்கள் அதைக் குற்ற உணர்ச்சி என்று எடுத்துக்கொண்டீர்கள். அது தாளின் மணம்.

உங்கள் கடைசிக் கேள்வி, எப்போது தெரியும் என்பது. பெப்ரவரி என்று மேலே எழுதியிருக்கிறேன். அதை இனி வெட்டினால் பக்கம் ஊத்தையாகும், அப்படியே இருக்கட்டும். ஆனால் தரவுத்தளத்தை நீங்கள் இன்னொரு கணினிக்காரனிடம் கொடுத்திருக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். அவன் 2007 அக்டோபர் பதினேழாம் திகதி நிரையைக் கண்டுபிடிக்காமல் விடமாட்டான். ஆகவே நானே சொல்லிவிடுகிறேன்.

கனகேஸ்வரியின் தம்பி பூபாலசிங்கம் அப்போது யாழ்ப்பாணத்திலிருந்து வந்து எங்களோடு தங்கியிருந்தான். வெளிநாடு போகிற அலுவல், அட்டை ஏஜென்டிடம் இருந்தது. காலி வீதியில் வைத்துப் பிடித்துவிட்டார்கள். கனகேஸ்வரி அழுதுகொண்டே படிவத்தை நிரப்பி என்னிடம் தந்தாள். இலக்கம் எழுதும் கட்டத்தில் என்னுடைய இலக்கம் இருந்தது.

“இது என்ர இலக்கமெல்லோ?” என்றேன்.

“வீட்டுக்காரர் நீங்கள்தானே. வேற ஆரின்ரயைப் போடுறது?” என்றாள்.

நாளைக்கு என்னையே பிடித்தால் இவள் இதே இலக்கத்தோடு இன்னொரு படிவம் கொண்டுவருவாள், அது பதியப்படும் விநாடியில் பூபாலசிங்கம் இல்லாமல் போவான் என்பது எனக்கு அங்கேயே விளங்கியது. அந்தப் படிவத்தை மரியகொறற்றியிடம் கொடுக்கவில்லை. நானே இருந்து பதிந்தேன். என் இலக்கத்தின் முடிவில் ஆங்கில ‘ஏ’ எழுத்து ஒன்றைச் சேர்த்தேன். இந்த நாட்டில் எந்த அட்டை இலக்கமும் அந்த எழுத்தில் முடிவதில்லை, ஆகவே வேறு யாரும் அவன் மேல் வந்து விழ முடியாது. நவம்பரில் முற்றத்தில் அவன் பெயரைக் கூப்பிட்டார்கள். கையைத் தூக்கினான். இப்போது கனடாவில் இருக்கிறான்.

ஆக, செல்லையாவைப் பிடிப்பதற்கு ஏழு கிழமைக்கு முன்பே எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் இருந்தேன் என்று எழுதிக்கொள்ளுங்கள். மற்றவர்களுக்கும் அப்படி ஓர் எழுத்தைச் சேர்த்திருக்கலாமே என்று கேட்பீர்கள். சேர்த்திருக்கலாம், ஒரு நாள் வேலைகூட இல்லை. ஆனால் ஒவ்வோர் இலக்கத்துக்கும் பின்னால் அப்படி ஓர் எழுத்து தொங்கிக்கொண்டிருந்தால், பட்டியல் பார்க்கவே அசிங்கமாக இருந்திருக்கும்.